இரண்டு பட்டியலிலும் இல்லை

பிப்ரவரி 4

தங்கைக்கு,

போன் செய்யும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். "அவ கடையில இருக்கா மச்சான்" என்கிறார். சலவைக்கடையில் இருப்பவளுக்குப் பின்னால் துணி சுழற்றும் இயந்திரத்தின் சத்தம் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது உன் இருமல். சரி, பேச வேண்டாம். மெயிலில் எழுதுகிறேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது: நீ நடுவில் புகுந்து கத்த முடியாது.

தம்பியை ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்று நடந்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன். பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை, நீ இப்படிச் சொல்லவில்லை என்று வரக் கூடாது. சேர்க்கை மேசையில் இருந்த பெண் கணினித் திரையை நம் பக்கம் திருப்பினாள். "இதயம் நின்றுபோனால் மறுபடி இயக்க முயல வேண்டுமா?" என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அவனுக்கு மனைவி, மக்கள் இல்லை. மூளையில் இரத்தக் குழாய் வெடித்த பிறகு பேச்சும் இல்லை. அதனால் கூடப்பிறந்த நாம் இருவரும் ஒத்துச் சொன்னால்தான் பதில் செல்லும் என்றார்கள். நீ யோசிக்கவே இல்லை. "வேண்டாம்" என்றாய். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் நெஞ்சை எப்படி அழுத்துவார்கள், எலும்பு எப்படி உடையும், தொண்டையில் எதைச் செருகுவார்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் "வேண்டும்" என்றும் சொல்ல முடியவில்லை. "அந்த இடத்தைக் காலியா விடும்மா" என்றேன். அந்தப் பெண் அப்படியே சேமித்தாள். கணினியும் ஏற்றுக்கொண்டது. நீ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனாய். அன்றிலிருந்து பேசவில்லை.

இப்போது விஷயம். நர்ஸுகள் அறையில் ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள் என்றும், அதில் பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டியல் ஓடுகிறது என்றும் உன் வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். பச்சையில் இருப்பவர்களுக்கு நெஞ்சை அழுத்துவார்கள், சிவப்பில் இருப்பவர்களை விட்டுவிடுவார்கள். தம்பியின் பெயர் சிவப்பில் இல்லை என்று நீ வந்து சொன்னாயாம்.

சிவப்பில் இல்லை என்பது போதாது. பச்சையில் இருக்கிறதா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்து எழுது. இந்த மாதிரி மென்பொருள்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், வம்புக்கு அல்ல.

அண்ணன்


பிப்ரவரி 7

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் கட்டளையிட்டபடி பார்த்துவிட்டேன்.

அந்த டிவி கை கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கிறது, கட்டிலிலிருந்தே கண்ணாடி வழியாகத் தெரியும். மத்தியானம் நர்ஸ் கை கழுவ வந்தபோது, "சிஸ்டர், எங்க அண்ணன் பேரு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன். நல்ல பெண், கொஞ்சம் வாயாடி. ஈரக் கையோடு விரலை ஓட்டிக்கொண்டே போனாள். பச்சையை முடித்துவிட்டுச் சிவப்புக்கு வந்தாள். சிவப்பை முடித்துவிட்டுப் பச்சைக்குப் போனாள்.

"என்னம்மா, காணோம்?"

"என்னைக் கேட்டா?"

"பச்சைல இல்லன்னா சிவப்புல இருக்கணும். சிவப்புல இல்லன்னா பச்சைல இருக்கணும். எங்க போயிடுவாரு, கட்டில்லதான படுத்திருக்காரு!"

"அப்போ அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கவலையே படாதீங்கம்மா. டிவில இல்லாட்டி என்ன, என் மனசுல இருக்காரு."

"மனசுல எந்தப் பக்கம்?"

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, அவர் இரண்டிலும் இல்லை. தாங்கள் காலியாக விடச் சொன்னீர்கள், அவர்களும் ஆளையே காலி செய்துவிட்டார்கள். மகிழ்ச்சிதானே?

தினமும் கடையை அடைத்துவிட்டுப் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது நான். முதுகில் புண். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வருகிறது. தாங்கள் இரண்டே தடவை வந்தீர்கள். இரண்டு தடவையும் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனீர்கள். கால்மாட்டிலிருந்து பார்த்தால் முதுகு தெரியாது.

"வேண்டாம்" என்று போட்டுவிட்டால் பெயர் சிவப்பில் வந்துவிடும். ஒரு வார்த்தை. தங்களால் முடியுமா?

இப்படிக்கு,
தங்கள் தங்கை


பிப்ரவரி 10

தங்கைக்கு,

பிறந்ததிலிருந்து "நீ, வா, போ" என்று கூப்பிட்டவள் திடீரென்று "தாங்கள்" போட்டு எழுதினால் எனக்கு உறைக்கும் என்று நினைத்தாய். உறைத்தது. போதும், நிறுத்து.

நீ எழுதியதைப் படித்ததும் என் மேசைக் கணினியில் ஒரு சிறிய அட்டவணை போட்டேன். மூன்றே பெயர்கள். என் பெயருக்கு நேரே "வேண்டும்". உன் பெயருக்கு நேரே "வேண்டாம்". கோபிக்காதே, சோதனைக்குத்தான். தம்பியின் பெயருக்கு நேரே ஒன்றும் போடவில்லை. எங்கள் வேலையில் அந்தக் காலி இடத்துக்கு ஆங்கிலத்தில் 'நல்' (null) என்று பெயர். அது பூஜ்யம் அல்ல, "இல்லை" என்பதும் அல்ல. இன்னும் தெரியவில்லை என்பதற்கான குறி அது.

பிறகு தரவுத்தளத்திடம் கேட்டேன். பதில் "வேண்டாம்" என்று இருப்பவர் யார்? உன் பெயர் வந்தது. பதில் "வேண்டாம்" என்று இல்லாதவர் யார்? என் பெயர் மட்டும் வந்தது. தம்பி எங்கும் வரவில்லை. உன் நர்ஸ் கண்டதேதான்.

காரணம் எளிது. அவனுடைய பதில் "வேண்டாம்"தானா என்று கேட்டால், "தெரியாது" என்கிறது. "வேண்டாம்" அல்லாத வேறு ஒன்றா என்று கேட்டாலும், "தெரியாது" என்கிறது. நிச்சயமாக ஆம் என்று சொல்ல முடிந்தவர்களை மட்டும்தான் அது வெளியே அனுப்பும். எனவே தெரியாதவன் இரண்டு தடவையும் உள்ளேயே நின்றுவிடுகிறான். இது பிழை என்று சொல்லாதே. நான் பழகிய மனிதர்களில் இத்தனை நேர்மையானவர் ஒருவரும் இல்லை.

இதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. இணையதளங்கள் கட்டுவதற்கு ஆயத்தமாக ஒரு சாரம் கிடைக்கும், அதை வெப் ஃபிரேம்வொர்க் என்பார்கள். தட்டச்சு இயந்திரம் பழுது பார்த்த கடை மூடிய பிறகு, பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்று, அப்படி ஒரு ஃபிரேம்வொர்க்கைப் பல ஊர்க்காரர்களோடு சேர்ந்து சம்பளமில்லாமல் பராமரித்தேன். காலி இடங்கள் வந்தால் கேள்விகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சோதிப்பது என் பங்கு. "இல்லாதவர் யார்" என்று கேட்டால் காலியானவர்களையும் நாமே சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்றார்கள் சிலர். வேறு சில ஃபிரேம்வொர்க்குகள் அப்படித்தான் செய்கின்றன. "ஐயா, மனுஷங்க அப்படித்தான யோசிப்பாங்க" என்றான் ஒரு பட்டதாரி. "மனுஷங்க குழப்பத்தையெல்லாம் தரவுத்தளத்தின் தலையில கட்டாதீங்க" என்றேன். கடைசியில் என் பேச்சுதான் நின்றது. அந்த நடத்தையை எவனாவது மாற்றினால் உடனே சிவப்பு விளக்கு எரியும்படி ஒரு சோதனை எழுதி வைத்தேன். இன்றும் அங்கே இருக்கிறது. பிறகு ஆறு மாதத்தில் என் வாய் நீளம் என்று என்னை ஒதுக்கினார்கள், அது வேறு கதை.

தவறு காலி இடத்தில் இல்லை. அந்த டிவியைச் செய்த கம்பெனிக்காரன் "பதில் தெரியாதவர்கள்" என்று மூன்றாவது பட்டியல் போட்டிருக்க வேண்டும். கம்பெனிக்கு விவரமாக எழுதிவிட்டேன். பொறு.

"வேண்டாம்" என்று நான் போட மாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

உன் கணினியில் எனக்கு "வேண்டாம்" போட்டு, உனக்கு "வேண்டும்" போட்டுக்கொண்டாயாமே. படித்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அண்ணன் உஷாருடீ" என்கிறார்.

'நல்'லாம், நேர்மையாம். உன் தரவுத்தளம் நேர்மையாக இருக்கட்டும், அதற்கு முதுகில் புண் இல்லை.

நேற்று மேனேஜரைப் பார்த்தேன். டிவி விஷயத்தைச் சொன்னேன். கம்பெனிக்குத் தகவல் போட்டிருக்கிறார்களாம், ஏதோ ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்களாம், வரிசையில் இருக்கிறதாம். "அந்த இடத்தை நிரப்பிட்டீங்கன்னா பேரு தானா வந்துடும்மா. ரொம்ப சிம்பிள்" என்றார். "நான் நிரப்பத் தயாரா இருக்கேன் சார், எங்க அண்ணன்தான் வர மாட்டேங்கிறாரு" என்றேன். "பேசிப் பாருங்கம்மா, ஒடம்பொறப்புதான" என்றார். உன்னை அவருக்குத் தெரியாது.

சின்னண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது உன்னைப் பற்றி என்ன சொல்வார் தெரியுமா? "பெரியவன் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டு. மேலயும் போக மாட்டான், கீழயும் வர மாட்டான். உள்ள மாட்டினவன் பாடுதான் திண்டாட்டம்." உன் எதிரில் சொல்லப் பயம். எங்கள் வீட்டில் வந்து சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சளி எடுப்பதை நீ பார்த்ததில்லை. மூக்கு வழியாகக் குழாயை விட்டு மோட்டாரைப் போடுகிறார்கள். அவர் முகம் சுருங்கிக் காது வரை சிவக்கிறது. அழுகை மாதிரி இருக்கும், ஆனால் சத்தம் வராது. ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். பிடிக்கிறாரா, தானாக மடங்குகிறதா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. எனக்கு நிச்சயம். இது போதும் என்கிறார் அண்ணா. அதுவாக நிற்கிற அன்று நின்றுவிடட்டும் என்றுதான் நான் சொல்கிறேன். கழுத்தை நெரிக்கச் சொல்லவில்லை.

நான் கெஞ்சி எழுதியது கிடையாது. இப்போது எழுதுகிறேன். வா. வர முடியாவிட்டால் போனிலாவது மேனேஜரிடம் ஒப்புக்கொள்.

தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

"நீங்கள் குறிப்பிட்டது பிழை அல்ல. நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்கின் எதிர்பார்க்கப்பட்ட நடத்தையே இது. ஆதாரத்துக்குக் கீழ்க்கண்ட சோதனையைப் பார்க்கவும்" என்று ஓர் இணைப்பு கொடுத்திருந்தார்கள். திறந்தால் நான் எழுதிய சோதனை. மேலே என் பெயர். "காலியானவரை எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது" என்று நானே எழுதிய குறிப்பும் இருந்தது. புகாரை மூடிவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரர் இதற்கும் சிரிப்பார். சிரிக்கட்டும். என் சோதனை சரி. தரவுத்தளம் எப்படிப் பேசுகிறதோ அதைத்தான் அது சொல்கிறது. அதன் மேல் மனித உயிரை ஏற்றி டிவியில் ஓட்டு என்று நான் எங்கும் எழுதவில்லை. கத்தி கூர்மையாக இருக்கிறதா என்று சோதித்தவனைப் பிடித்து வெட்டுக்குப் பதில் சொல் என்றால் எப்படி?

பழைய குழுவிலும் போய்க் கேட்டேன். என்னை ஒதுக்கியவர்களிடம் நானாகப் போய் நின்றேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஐயா, அன்னைக்கு நாங்க மாத்தலாம்னு சொன்னப்ப நீங்கதான் ஒத்துக்கல. இப்ப மாத்தினா இதை நம்பி நடக்கிற ஆயிரம் இடம் உடையும்" என்றார்கள். நான் மாற்றச் சொல்லி வரவில்லை என்றேன். வேறு எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். அவர்களுடைய கேள்வியில் எந்த இடத்தில் எந்த ஒரு வரியைச் சேர்த்தால் மூன்றாவது பட்டியல் வரும் என்று எழுதியே அனுப்பினேன். ஒரே வரி. "அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்" என்றார்கள். அடுத்த பதிப்பு எப்போது என்றால், அதற்கும் "பரிசீலனையில்". கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே அடுப்பில் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. எதை அணைக்க வேண்டும் என்று தெரிகிறது. உள்ளே போக வழியில்லை.

ஒன்று செய். ஒரு தாளில் பெரிதாக எழுதி அவன் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டு. "இவருடைய பெயர் டிவியில் வராது. அவசரம் என்றால் உறவினரைக் கேட்கவும்." உன் நம்பர், என் நம்பர் இரண்டையும் போடு.

போன தடவை வந்தபோது அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நீ டீ வாங்கப் போயிருந்தாய். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போதும் என்றதா, விட்டுவிடாதே என்றதா, இவன் யார் என்றதா? உனக்குத் தெரிகிறது என்கிறாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. இதற்கு மேல் என்னை வற்புறுத்தாதே.

அண்ணன்


மார்ச் 2

அண்ணா,

நீ சொன்ன தாளை ஒட்டினேன். மறுநாள் காலை துப்புரவு செய்பவர் கிழித்துவிட்டார். சுவரில் எதுவும் ஒட்டக் கூடாதாம், கிருமி தங்குமாம். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார். மூன்றாம் தடவை அவரே பாவப்பட்டு, "மேனேஜர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, நானே ஒட்டித் தர்றேன்" என்றார். மேனேஜர் லீவு.

நேற்று மத்தியானம் சின்னண்ணனுக்கு நின்றுவிட்டது.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தலைமாட்டு மிஷின் கத்தியது. நர்ஸ் ஓடி வந்தாள். வந்தவள் அவரைப் பார்த்தாள், திரும்பி டிவியைப் பார்த்தாள். அவள் கண் பச்சையில் தேடியது, சிவப்பில் தேடியது. மறுபடி பச்சைக்குப் போனது. கை இரண்டும் அவர் நெஞ்சுக்கு மேலே அப்படியே நின்றன. தொட்டால் தப்போ, தொடாவிட்டால் தப்போ என்று நின்றாள். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது நெடுநேரம்.

பிறகு அழுத்தினார்கள். நான்கு பேர் வந்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்கும் என்று டாக்டர் சொன்னார் அல்லவா, கேட்டது. திரும்பி வந்துவிட்டார். இப்போது தொண்டையில் குழாய், மூச்சுக்கு மிஷின். கண் திறப்பதில்லை. கையும் மடங்குவதில்லை. தாமதத்தில் மூளை இன்னும் கொஞ்சம் போயிருக்கும் என்கிறார்கள். சரியாகச் செய்ததும் இல்லை, சரியாக விட்டதும் இல்லை. இரண்டும் கெட்டுக் கிடக்கிறார்.

இப்போதுதான் எல்லோரும் ஓடுகிறார்கள். கம்பெனிக்காரர்கள் உடனே மாற்றிவிட்டார்களாம். இனி அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. நம் இரண்டு பேர் போனுக்கும் தனித்தனியாக ஒரு லிங்க் வரும். வந்ததும் பதில் போடு அண்ணா. இனி நான் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

என்னால் எழுத முடியவில்லை.

தங்கை


மார்ச் 4

தங்கைக்கு,

உன் மெயிலைப் படித்தேன். பிறகு என் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம்தான் அழுத்தினேன். தாங்கவில்லை.

லிங்க் காலையில் வந்தது. கேள்வி அதேதான். கீழே இரண்டு வட்டம். எதையும் தொடாமல் "அனுப்பு" என்பதை அழுத்திப் பார்த்தேன். "இது கட்டாயம்" என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. இன்னொரு தடவை அழுத்தினேன். மறுபடியும் அதையே காட்டியது. மடையர்கள். நான் சொன்ன ஒரு வரியைச் சேர்க்கவில்லை. கேள்வி கேட்கும் முறையைத் திருத்தாமல், தெரியாது என்று சொல்லும் வாயை அடைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் திருத்தமா?

"வேண்டாம்" என்று போட்டேன்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. என் கருத்து மாறவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சத்தத்தை நீ இன்னொரு தடவை கேட்கக் கூடாது, அவன் நெஞ்சில் இன்னொருவன் கை வைக்கக் கூடாது. உனக்காகப் போட்டேன். நீயும் அதையே போட்டிருப்பாய். இந்நேரம் அவன் பெயர் சிவப்பில் வந்திருக்கும். நீ கேட்டது நடந்துவிட்டது. இனியாவது வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மெயில் ஒன்று வந்திருப்பதாகப் போன் காட்டுகிறது. இதை எழுதி அனுப்பிவிட்டுத்தான் அதைத் திறப்பேன். முன்பே திறந்தால் உன்னோடு சண்டைக்கு வந்துவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டேன்.

அன்று நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டு எழுதினேன். நர்ஸ் கையைத் தூக்கியபடி நின்றாள் என்றேன் அல்லவா? பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, என்ன பண்ணட்டும்? சொல்லுங்கம்மா, என்ன பண்ணட்டும்?" என்று கத்தினாள்.

நான் "பண்ணுங்க!" என்றேன்.

நான்தான் அண்ணா. இத்தனை மாதமாக "வேண்டாம், வேண்டாம்" என்று உன்னோடு மல்லுக்கு நின்றவள். "பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க, ஏன் நிக்கிறீங்க" என்று அவள் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அந்த எலும்புகள் என் வாயால் உடைந்தவை.

உன்னைக் குத்திக்காட்டியதெல்லாம் ஞாபகம் வருகிறது. உனக்குத் தெரியவில்லை என்றாய். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் முகம் நீலமாகப் போனபோது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

லிங்க் வந்தது. "வேண்டும்" என்று போட்டுவிட்டேன். நீ "வேண்டாம்" என்று சொல்லப்போவதில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். காலியாகவும் விட முடியாது. ஆக, நீயும் "வேண்டும்" என்றுதான் போட்டாக வேண்டும். உனக்காகப் போட்டேன் என்று வைத்துக்கொள். பெயர் பச்சையில் வந்துவிடும்.

இப்போது உன்னுடையதைத் திறக்கிறேன்.

தங்கை


மார்ச் 6

அண்ணா,

ஏன் அப்படிப் போட்டாய்? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே. நானும் உன்னைக் கேட்டிருக்கலாம்.

நேற்று அந்த நர்ஸ் டிவிக்குக் கீழே நின்று என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டுலயும் இல்லம்மா" என்றாள். மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட்டார். "ரெண்டு பேர் பதிலும் பொருந்தலைன்னா சிஸ்டம் அந்த இடத்தைக் காலியா வச்சிடுது சார்" என்றார்களாம். மேனேஜர் அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நர்ஸ்தான் பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு இனிமே அந்த டிவி மேல நம்பிக்கை இல்லம்மா. நீங்க இங்கயே இருங்க. நீங்க இருந்தா உங்களையே கேட்டுக்கிறேன்" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

கடைக்குப் போகவில்லை. இவர் பார்த்துக்கொள்கிறார், யாருடைய சட்டையையோ யாருக்கோ கொடுத்திருக்கிறார். நான் இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். பாத்ரூமுக்குப் போனால்கூட ஓடி வருகிறேன். வந்து என்ன சொல்வேன் என்று கேட்காதே.

தங்கை


மார்ச் 7

தங்கைக்கு,

பதிலை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கும் மறுபடி லிங்க் வந்தது. திறந்து "வேண்டும்" மேல் கையை வைத்தேன். அப்போது ஒரு யோசனை வந்தது. நீயும் இந்நேரம் அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்காக "வேண்டாம்" என்று மாற்றிக்கொண்டிருப்பாய். நாம் இருவரும் மறுபடி இடம் மாறி நிற்போம். உன்னை எனக்குத் தெரியும். மூடி வைத்துவிட்டேன். நீயும் தொடாதே.

உன்னை எது போடச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அவன் இனி வாழ்ந்தால் எப்படி வாழ்வான் என்று நினைத்தால் "வேண்டாம்". நீ நர்ஸின் தோளைப் பிடித்துத் தள்ளினாய் என்று நினைத்தால் "வேண்டும்". காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதற்கு நான் எந்தச் சோதனையை எழுதுவது?

கம்பெனிக்கு நான்காவது தடவை எழுதியிருக்கிறேன். இரண்டு பதில் பொருந்தாவிட்டால் அதையும் திரையில் காட்டு, மனிதன் பார்த்துக்கொள்வான் என்று. "பெற்றுக்கொண்டோம்" என்று மட்டும் பதில் வந்தது. பழைய குழுவில், என்னால்தான் தொல்லை என்று அந்தச் சோதனையை எடுத்துவிடலாமா என்று பேசினார்களாம். எடுக்கக் கூடாது என்று கண்டித்து எழுதினேன். யாருக்காகவும் அதை மாற்ற விட மாட்டேன். தம்பிக்காகக்கூட.

நாளைப் பகல் வண்டியில் இடம் கிடைத்திருக்கிறது. கூட்டிப் போக யாரையும் அனுப்ப வேண்டாம், வழி தெரியும். இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கிக் கட்டிலின் அந்தப் பக்கம் போடு. கால்மாட்டில் போடாதே. அவனை எப்படிப் புரட்டுவது என்று காட்டிக் கொடு. என் கைக்கு இன்னும் பலம் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வை, இனி இரண்டு பேர் இருப்போம் என்று. மிஷின் கத்தினால் அவள் நம் இருவரையும்தான் திரும்பிப் பார்ப்பாள். முதலில் யார் வாயைத் திறப்பது என்று இப்போதே சண்டை போட்டுக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்